மூடி திறக்காத தூக்கு

மிருதுளாவின் வீட்டுக்குள் ஆர்கானிக் நுழைந்தது அவள் கணவன் பத்ரியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு. சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கொழுப்பு எல்லையைத் தாண்டிவிட்டது என்றார் தாம்பரத்து டாக்டர். அரிசியைக் குறையுங்கள், ஏரியைச் சுற்றி நடங்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். மிருதுளா நிறுத்தவில்லை. நாவலூரில் அவள் வேலை பார்க்கிற சாப்ட்வேர் கம்பெனிக்கு அதே வாரம் யாரோ வந்து, பூச்சிமருந்தைப் பற்றி ஒரு மணி நேரம் படம் போட்டுப் பேசிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சிட்லபாக்கத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வேறொரு மிருதுளா.

வெள்ளைச் சர்க்கரை போயிற்று. ரீஃபைண்ட் எண்ணெய் போயிற்று. பாதி மூட்டை பொன்னி அரிசி, வீட்டு வேலை செய்யும் எல்லம்மாவின் தலையில் ஏறிப் போயிற்று. எல்லாம் விஷம் என்று சொல்லித்தான் கொடுத்தாள். நமக்கு விஷமானது எல்லம்மாவுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் அடையாறில் இருக்கிற ஆர்கானிக் கடைக்குப் போய், ஓட்டை விழுந்த கத்தரிக்காயைப் பெருமையோடு பொறுக்கிக்கொண்டு வந்தாள். புழு தின்றால்தான் நல்ல காய் என்றாள். பத்ரி வாயைத் திறக்காமல் தின்றான். பாவம், நாலு கிலோ இறங்கவும் செய்தான். அது போதாதா அவளுக்கு!

தெரு முழுக்கப் பாடம் நடந்தது. கீரைக்காரியை நிறுத்தி வைத்து யூரியாவைப் பற்றிக் கேட்டாள். குரோம்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், என்ன எண்ணெய் என்று விசாரித்துவிட்டு இலையை மடித்து எழுந்து வந்தாள். எதிர்வீட்டு சாவித்ரி மாமி பாயசம் கொண்டுவந்தபோது, "வெள்ளைச் சர்க்கரையா மாமி? எங்களுக்கு வேண்டாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். மாமி பத்து நாள் பேசவில்லை. "எனக்கு மனசில ஒண்ணு, வாயில ஒண்ணு கிடையாது" என்று மிருதுளா அதற்கும் ஒரு பெருமை வைத்திருந்தாள்.

பக்கத்து வீடு ஹஃபீசாவுடையது. அவள் கணவர் ஹிதாயத்துல்லா பம்மலில் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் ஏழு வருஷப் பழக்கம். மிருதுளா ஆபீசிலிருந்து அலுத்துப்போய் வருகிற நாட்களில், தன் வீட்டுக் கதவைத் திறக்கும் முன் ஹஃபீசா வீட்டில் டீ குடித்துவிட்டு வருவதுண்டு. ரம்ஜானுக்கு இவர்களுக்கென்று தனியாக வெஜிடபிள் பிரியாணி வரும். கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்னாலேயே, விடியற்காலையில் அதைச் செய்து முடித்துவிடுவாள் ஹஃபீசா. அதற்கென்றே ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு எவர்சில்வர் தூக்கு. மற்ற நாளெல்லாம் அவை பழைய துணியில் கட்டிப் பரண் மேல் இருக்கும். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை.

2007இல் ரம்ஜானும் நவராத்திரியும் ஒரே வாரத்தில் வந்தன. கொலு வைத்த மூன்றாம் நாள், குளித்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு ஹஃபீசா தூக்கோடு வாசலில் நின்றாள்.

"பெருநாள் பிரியாணிக்கா. இந்தத் தடவை ஒரு விசேஷம் இருக்கு. என்னன்னு இப்ப சொல்ல மாட்டேன். சாப்பிட்டுட்டு நீங்களே சொல்லணும்."

"தேங்க்ஸ் ஹஃபீசா" என்று மிருதுளா வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். தூக்கைத் தரையில் வைத்தாள். பாலிஷ் போட்ட பாசுமதி, டால்டா, மருந்தடித்த காலிஃபிளவர், கலர்ப்பொடி என்று அவள் மனசு கணக்கெடுத்து முடித்துவிட்டது.

"திறந்தாவது பாரேன்" என்றான் பத்ரி.

"திறந்தா வாசனை வரும். நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. மூணு மாசம் பட்ட பாடு வீணாப் போகும்."

எல்லம்மா பாத்திரம் தேய்த்துவிட்டுக் கிளம்பும்போது தூக்கு அவளோடு போயிற்று. மூடி மூடினபடியே.

இரண்டு நாள் கழித்து ஹஃபீசா கொலு பார்க்க வந்தாள். வருஷா வருஷம் வருகிறவள்தான். சாவித்ரி மாமியும் பாயச மனஸ்தாபத்தை ஒருவழியாக மறந்து வந்து உட்கார்ந்திருந்தாள். மிருதுளா இருவருக்கும் ஆர்கானிக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தாள். ஹஃபீசா ஒரு வாய் போட்டுக்கொண்டு, ஆசையாக நிமிர்ந்தாள்.

"பிரியாணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையேக்கா."

"பிரமாதம். அவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்."

"அரிசி?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். வாய் பழகிவிட்டதே, என்ன செய்வது!

"ம்... பூ மாதிரி உதிரியா, வெள்ளை வெளேர்னு இருந்தது. ஆனா ஒண்ணு சொல்றேன் ஹஃபீசா, தப்பா நினைக்காதே. அந்த வெள்ளை அரிசிதான் உடம்புக்கு எமன். அடுத்த தடவை அதை மாத்திடு."

ஹஃபீசா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். அவளுக்கு ஏன் முகம் மாறியது என்று மிருதுளாவுக்குப் புரியவில்லை. பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த எல்லம்மா, ஹஃபீசாவிடம் பேசியே அதைப் புரியவைத்தாள்.

"யக்கா, நீ குட்த்த சோறு சோக்கா இருந்துச்சு. செவப்பா, குண்டு குண்டா, இன்னா அரிசிக்கா அது? எம் பொண்ணு மூணு வாட்டி வாங்கித் துன்னுச்சு. தூக்கு கழுவி வெச்சிக்கீறேன், போ சொல்லோ எட்த்துக்கினு போ."

மிருதுளாவுக்குக் காதோரம் சுட்டது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஹஃபீசா எல்லம்மாவைப் பார்த்து, "கைக்குத்தல் அரிசிம்மா. உம் பொண்ணுக்குப் பிடிச்சுதுல்ல, அது போதும்" என்றாள். சுண்டலைக் கடைசிக் கடலை வரை தின்றாள். குங்குமத்தைத் தவிர்த்து வெற்றிலை பாக்கை எப்போதும்போல வாங்கிக்கொண்டாள். தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை சூடாகச் சொல்லியிருந்தால் மிருதுளா பிழைத்திருப்பாள்.

ஹஃபீசா படியிறங்கினதும் சாவித்ரி மாமி நகர்ந்து வந்து மிருதுளாவின் கையைப் பிடித்தாள். பாயசத்தை மன்னித்துவிட்ட கை அது.

"நீ பண்ணினதுதான் சரி. நானும் பழைய வீட்டுல இப்படித்தான். சிரிச்ச முகமா வாங்கிண்டு, வேலைக்காரிகிட்ட தள்ளிடுவேன். என்ன இருந்தாலும் அவா கையால சமைச்சது. நீ சாப்பிடறியோன்னு இத்தனை நாள் நினைச்சுண்டிருந்தேன்."

"ஐயோ மாமி, அதுக்காக இல்ல. இது ஆர்கானிக் விஷயம்."

"சரி சரி" என்று மாமி கண்ணைச் சிமிட்டினாள். "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

அந்தக் கண்சிமிட்டலில் மிருதுளாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மாமிக்கே இப்படித் தோன்றினால், ஹஃபீசாவுக்கு வேறெப்படித் தோன்றும்? இதைத் தெளிவுபடுத்தாமல் இருக்க முடியாது. ஏழு வருஷத்தை இப்படிப் போகவிட முடியாது. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்தாள்.

ஹிதாயத்துல்லா ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்துபோயிற்று.

"வாங்க வாங்க. பிரியாணி நல்லா வந்துச்சாங்க? ஹஃபீசா நோன்போட ரெண்டு பஸ் மாறி அடையாறு போய்ட்டு வந்தா. நீங்க சொல்ற அதே கடைங்க. அரிசி, நெய், காய் எல்லாமே அங்கதான். புது அரிசியாச்சே, முதல் தடவை அடிபிடிச்சுப் போச்சு. திரும்ப முதல்லேர்ந்து பண்ணினா. உங்களுக்கு ஒத்துக்கணும்னு."

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஹஃபீசா தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "நல்லா வந்துச்சுங்க" என்று மிருதுளா அவருக்கும் ஒரு பொய் சொன்னாள்.

உள்ளே ஹஃபீசா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிருதுளா உட்காராமல் நின்றபடியே ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்டினாள். யூரியா, டால்டா, பத்ரியின் ரிப்போர்ட். "சத்தியமா வேற எதுவும் இல்ல ஹஃபீசா. மருந்தடிச்ச காய்ங்கற பயம்தான்."

ஹஃபீசா மடித்த துணியை அடுக்கி வைத்தாள்.

"மருந்துக்காகன்னா வாசல்லயே சொல்லியிருப்பீங்கக்கா. சாவித்ரி மாமி பாயசத்தை அவங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னீங்க. கல்யாணப் பந்தியில எழுந்து வந்தீங்க. எல்லார்கிட்டயும் சொல்றீங்க. எங்கிட்ட மட்டும் சிரிச்சு வாங்கிட்டு அப்புறம் குடுத்துட்டீங்க."

மிருதுளா தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏன் சிரித்தோம்? பெருநாளும் அதுவுமாகத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்றுதான். அவர்கள். சாவித்ரி மாமி கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்று விட முடிந்தது. ஹஃபீசா வேறு. ஏழு வருஷமாக ஒரு வித்தியாசமும் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குள் அந்த ‘வேறு’ பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. தனக்கே தெரியாததை ஹஃபீசா கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான் தாங்கவில்லை.

"பரவால்லக்கா. எங்களுக்குப் பழக்கம்தான். உங்ககிட்டதான் புதுசு" என்றாள் ஹஃபீசா. குரலில் கோபமே இல்லை. "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

ஹஃபீசா சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள். டீ போடப் போகிறாள், குடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மிருதுளா சட்டென்று நம்பினாள். ஆனால் ஹஃபீசா சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏதோ யோசித்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

கையில் ஒரு கூல்டிரிங்க் பாட்டில். அதை மிருதுளாவின் எதிரில் மேஜைமேல் வைத்து, அவள் பார்க்கும்படி மூடியைத் திறந்தாள். டம்ளர் கொடுக்கவில்லை, ஸ்ட்ரா கொடுத்தாள்.

"கடையிலேர்ந்து வந்ததுக்கா. நான் கை வைக்கலை."

மிருதுளா குடித்தாள். அந்த ஆரஞ்சுத் தித்திப்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். ஹஃபீசா காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு, கடையில் திருப்பிக் கொடுக்க வாசலில் வைத்தாள்.