திறந்து கிடந்த கண்

பொன்னழகுக்கு இருந்தது ஒரே கண். வலது கண் சிறுவயதிலேயே கிட்டிப்புள் பட்டுப் போய்விட்டது. போன வருஷம் எரியோட்டுக்குப் பக்கத்தில் தன் காட்டில் மக்காச்சோளம் ஒடித்தபோது, தோகை இடது கண்ணையும் கீறிவிட்டது. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தான். கண்ணில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகி, ஆறும்போது கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. அதற்கப்புறம் வெளிச்சம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

“கண்ணுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அண்ணே,” என்றார் திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் ரோசலின். “முன்னால கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழிதான் வெளுத்துப் போச்சு. சொட்டு மருந்துக்கு அது தெளியாது. இறந்தவங்க யாராச்சும் தானமாக் குடுத்தா, அதை வச்சுத் தைக்கலாம்.”

மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒருநாள், கருவிழி கிடைத்துவிட்டதென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மனைவி புவனேஸ்வரி அவன் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்தாள்.

காட்டு வேலை போக நூல் மில்லிலும் பஞ்சுத் தூசிக்குள் வேலை பார்த்து அவன் நெஞ்சு கெட்டிருந்தது. முழு மயக்கம் தாங்காது என்று, ஊசி போட்டுக் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். படுக்க வைக்கும்போதே டாக்டர் சொல்லிவிட்டார்.

“பழச வெட்டி எடுத்துட்டுப் புதுசத் தைக்கிற வரைக்கும் கண்ணு திறந்துதான் கெடக்கும். அப்ப இருமினா உள்ள இருக்கிறது வெளிய பிதுங்கிரும். இருமல் வார மாதிரி இருந்தா, சிஸ்டர் கையை அமுக்குங்க.”

முகத்தைத் துணி மூடியது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் சௌந்தர்யா அவன் கையைப் பற்றிக்கொண்டாள். வலி இல்லை. கத்தரி வைக்கும் சத்தம் கேட்டது.

“பழசு வந்திருச்சு,” என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் ஒரு அரிப்பு கிளம்பியது.

எச்சிலை விழுங்கினான். போகவில்லை. கையை அமுக்கினான்.

“மேடம், இருமல்,” என்றாள் சௌந்தர்யா.

“அண்ணே, செத்த நேரம். வாயால மெதுவா மூச்சு விடுங்க. நாலு தையல் விழுந்துட்டாப் போதும்.”

அரிப்பு நெஞ்சுக்குள் இறங்கியது. வயிறு தன்னால் இறுகியது. கால் விரல்களை மடக்கிக்கொண்டான். இந்தக் கண்ணும் போய்விட்டால் புவனேஸ்வரிக்குத் தான் ஆயுசுக்கும் பாரம் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

“ஒண்ணு,” என்றார் டாக்டர்.

மூச்சை வாய்வழியே சிறுகச் சிறுக விட்டான். துணிக்குள் வியர்த்து வழிந்தது.

“ரெண்டு.”

அதற்கு மேல் முடியவில்லை. வாயை இறுக மூடியும் ஒரு சின்ன இருமல் மூக்கு வழியாகத் தெறித்தது. தையல் நின்றது. தலையை அசைக்காமல், “போயிருச்சா டாக்டரம்மா?” என்று கேட்டான்.

“பேசாதீங்க.”

பிறகு நெடுநேரம் கருவிகள் மாறும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், “எல்லாத் தையலும் போட்டாச்சு. இனி இருமிக்கோங்க,” என்று மட்டும் சொன்னார். கண் தப்பியதா என்று சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெறும் புகைமூட்டம். அதற்குள் நீலமாக ஏதோ அசைந்தது.

“நீலச் சேலையா கட்டியிருக்க?”

புவனேஸ்வரி தலையாட்டினாள். அந்த ஆட்டமும் அவனுக்குத் தெரிந்தது.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “நேத்து கொஞ்சம் பிதுங்கத்தான் செஞ்சுச்சு. உடனே அடக்கிட்டோம். பார்வை தெளிய மாசக்கணக்காகும். உங்க உடம்பு இதை வேத்தாளுன்னு தள்ளப் பாக்கும். செவந்தாலோ வலிச்சாலோ மங்கினாலோ அன்னைக்கே வந்துரணும்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

“மில்லு வேலை?”

“அது இனி வேணாங்க,” என்று டாக்டருக்கு முந்திக்கொண்டு சொன்னாள் புவனேஸ்வரி.

அவன் மறுக்கவில்லை. யார் கொடுத்த கண் என்று கேட்டான். அதைச் சொல்வதில்லை என்றார் டாக்டர். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

“அழுகாதீங்க, தையல் இருக்கு,” என்று புவனேஸ்வரி அதட்டிவிட்டு, சிஸ்டரிடம் சுத்தமான பஞ்சு வாங்கிக் கண்ணில் படாமல் கன்னத்தை ஒற்றினாள்.