நூறாவது ஆட்டத்தின் ஞானத்தாய்

எவரார்தோ செய்த ஒரே முட்டாள்தனம், தன் நாடகத்தின் நூறாவது ஆட்டத்துக்கு ஹெனோவேவா அம்மாளை ஞானத்தாயாக அழைத்ததுதான்.

ஹலாப்பா நகரின் அந்த அரங்கில், நூறு முறை மேடையேறிய நாடகத்துக்கு நினைவுக் கல் வைப்பது வழக்கம். கல்லைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் துணியை விலக்க வேண்டியவள் ஞானத்தாய்.

நாடகம் ஹெனோவேவா அம்மாளின் தம்பி லியான்ட்ரோ எழுதியது. நுரையீரல் நோயில் படுத்தபடி எழுதி, இருந்த ஒரே பிரதியை வாசித்துப் பார்க்கும்படி எவரார்தோவிடம் கொடுத்தான். அவனைப் புதைத்த நாலாம் மாதம் சுவரொட்டியில் எவரார்தோவின் பெயர் வந்தது. அத்தாட்சி எதுவும் இல்லையென்று வக்கீல் கையை விரித்தார். அம்மாளின் அரியாகா குடும்பம் செத்தவன் பெயரில் புகழ் தேடுகிறது என்று ஊர் சிரித்தது. ஹெனோவேவா அம்மாள் அந்தச் சிரிப்பை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தார்.

"அவன் கூப்பிட்டான்னு போறியாக்கா? வெக்கமா இல்ல?" என்றாள் தங்கை அம்பாரோ.

"நான் எதுக்குடி வெக்கப்படணும்? என் கறுப்புப் பட்டுப்பாவாடைய எடுத்து வை."

ஞாயிறு பிற்பகல் ஆட்டம். மூன்றாம் அங்கத்தின் முடிவில், குழந்தையைப் பறிகொடுத்த தாய் அந்த வரிகளைச் சொன்னாள்:

மழையே, உரக்கக் கூப்பிடாதே;
தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது.

அரங்கமே மூக்கைச் சிந்தியது. தன் சொந்தத் துக்கத்தில் ஒரே இரவில் பிறந்த வரிகள் என்று எவரார்தோ பத்திரிகையில் பீற்றிக்கொண்டவை.

அவன் கைநீட்டி ஹெனோவேவா அம்மாளை மேடைக்கு அழைத்தான். "நம்ம ஞானத்தாய்! அரியாகா குடும்பத்துக்கும் எனக்கும் எந்த மனஸ்தாபமும் இல்லன்னு இன்னிக்கு ஊரே பாக்கட்டும்!"

"பாக்கட்டும்" என்றபடி ஹெனோவேவா அம்மாள், தான் கொண்டுவந்திருந்த கல்லின் மேலிருந்த துணியை உருவினார்.

பளபளக்கும் புதுக் கல் அல்ல. பாசி படிந்த, ஒரு முழ உயரக் கல்லறைக் கல். முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து வாய்விட்டுப் படித்தார்.

"ருஃபினா அரியாகா. நாலு வயசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. மழையே, உரக்க..."

மேல்மாடத்திலிருந்து ஒரு குரல்: "யோவ் எவரார்தோ! முப்பத்தொண்ணுல நீ பள்ளிக்கூடத்துல பாட்டெழுதினியா, குட்டு வாங்கினியா?"

எவரார்தோ ஹெனோவேவா அம்மாளின் காதருகே குனிந்தான். "மூடிடுங்கம்மா. வீட்டுக்கு வரேன். பேசித் தீத்துக்கலாம்."

"வீட்டுக்கு எதுக்கு? கடைசி வரி மிச்சமிருக்கு. அத நீங்களே படிங்க."

"அம்மா..."

"படிங்க."

அவன் படித்தான்.

"சத்தமா. மேல இருக்கறவங்களும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்காங்க."

"தங்கைக்காக..." எவரார்தோ குரலை உயர்த்தினான். "தங்கைக்காக எழுதியவன், அண்ணன் லியான்ட்ரோ."

ஹெனோவேவா அம்மாள் துணியை நாலாக மடித்து அவன் கையில் வைத்தார்.

"இது உங்களுக்கு. வெளிய போறப்ப மூஞ்சிய மூடிக்கலாம்."

பிறகு கல்லைத் தூக்க வந்தவர்களிடம் திரும்பினார். "பாத்துத் தூக்குங்கப்பா. இருட்றதுக்குள்ள புள்ளைகிட்ட கொண்டுபோய் வைக்கணும்."