மூழ்காத நிழல்

தெற்குப் பிரான்ஸில் சுவ்ரேத் ஊரின் சதுக்கத்தில் நின்ற சுதந்திர மரத்தைப் பட்டாளத்துக்காரர்கள் வெட்டியபோது மரம் விழுந்தது, நிழல் விழவில்லை. அடிமரத்தை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள், வேரைத் தோண்டி எடுத்தார்கள், குழியை மூடி மேலே கல் பாவினார்கள். கல்லின் மேல் நிழல் கிளையும் இலையுமாக முன்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது. மேகம் மூடிய நாளிலும் அது மங்கவில்லை. சந்தைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், இரண்டாம் வாரம் பூண்டுக் கூடைகளை அதன் மேலேயே இறக்கி வைத்தார்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் குடியரசு பிறந்த வருஷம் சுதந்திர மரமாகப் பாப்லர் கன்று நட்டார்கள். சுவ்ரேத்தில் எல்லாருக்கும் தொழில் தக்கை. ஆண்கள் காட்டில் பட்டை உரிப்பார்கள், பெண்கள் அதில் பாட்டில் தக்கை சீவுவார்கள். ஆகவே அவர்கள் காட்டுக்குப் போய் வளர்ந்த தக்கை மரம் ஒன்றையே வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்து நட்டார்கள். பிழைக்காது என்று பக்கத்து ஊரெல்லாம் சிரித்தது. பிழைத்தது. அதற்கு முதல் வாளி தண்ணீர் ஊற்றியவன் எல்செயார், அந்த மலையில் பட்டை உரிப்பவர்களிலேயே கைத்தேர்ச்சி உள்ளவன். வாளியைச் சுமந்து வந்தவள் அவன் மனைவி க்ளேரோன்.

மரம் வெட்டுப்பட்ட காரணம் பாரிஸில் இருந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஜனாதிபதி, சட்டத்தைக் காப்பேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தவர், பதவிக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு டிசம்பர் விடியலில் சபையைக் கலைத்து, உறுப்பினர்களைப் படுக்கையிலிருந்தே கைது செய்து, அதிகாரம் முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். வேலைக்கு வைத்த ஆள் சாவியை வாங்கி வீட்டுக்காரனையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்ட கதைதான். அதை எதிர்த்துச் சுவ்ரேத் கோயில் மணி அடித்து ஆள் திரட்டியது. ஆண்கள் முயல் சுடும் துப்பாக்கிகளோடு கிளம்பினார்கள், கொடி பிடித்தவன் எல்செயார். பட்டாளம் அவர்களை ஒரு பொழுதில் சிதறடித்தது. அவனை விலங்கு மாட்டிக் கடலுக்கு அப்பால் அல்ஜீரியாவில் கல் உடைக்க அனுப்பினார்கள். அதே மாதம் புது ஆட்சிக்குச் சம்மதமா என்று ஊரில் ஓட்டெடுப்பு நடந்தது. ‘ஆம்’ என்று அச்சடித்த சீட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அடுத்த வருஷம் ஜனாதிபதி சக்கரவர்த்தியானார்.

நிழல் அரசாங்கத்துக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. காரத்தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளைக்கு மேலே கறுப்பாக வந்து நின்றது. கோடையில் அது குளிர்ச்சியாக இருந்ததால் ஊர் முழுக்க அங்கேதான் சாய்ந்தது. இல்லாத மரத்தின் நிழலில் யாரும் உட்காரக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். ஜனங்கள் நின்றுகொண்டே பேசினார்கள். கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர், நிழலை ஒழிப்பவர் வீட்டில் யாராவது கைதியாகப் போயிருந்தால் அவருக்கு மன்னிப்பு உண்டு என்று சொல்லி அனுப்பினார். அதைச் சுமந்துகொண்டு க்ளேரோன் வீட்டுக்கு வந்தவர் மேயர் ரெபுல், ஒயின் வியாபாரி, புது ஆட்சி நியமித்த ஆள்.

“இந்தா பாரு க்ளேரோன். நெழலு போச்சுன்னா உம் புருஷன் வந்துருவான். பெரிய எடத்துல சத்தியமா சொல்லிருக்காங்க.”

“சத்தியமா?”

“ஆமாங்கறேன்.”

“போன தடவையும் அவங்க சத்தியம்தானே ஐயா பண்ணாங்க. அதக் கேட்டுத்தானே எங்க ஆம்பளைங்க ஓட்டுப் போட்டாங்க.”

ரெபுல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். க்ளேரோன் வாய்தான் அப்படிப் பேசியது. மனசு பேசவில்லை. எல்செயார் இல்லாத வீட்டில் அவள் இரண்டு கோடை தனியாகக் கிடந்துவிட்டாள். மூன்றாவது அவளால் முடியாது. மறுநாள் அவன் கோடாலியை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போனாள். கருவாடு விற்கும் ஜனேட்டோன் தராசைக் கீழே வைத்தாள்.

“வெட்டப் போறியா?”

“ஆமாக்கா. ஊரு என்னைத் துப்பும்.”

“துப்பறவ புருஷன் வீட்டுல இருக்கான்டி. நீ வெட்டு.”

வேரோடு வெட்டிக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் ஓங்கினாள். ஆனால் அந்தக் கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் காட்டில் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய சதையைத் ‘தாய்’ என்பார்கள். தாயைக் கீறினால் மரம் செத்துவிடும், கீறாவிட்டால் மறுபடி பட்டை போடும். காட்டில் வளர்ந்த யார் கையும் தாய்க்கு மேல் ஒரு மயிரிழையில் தானாக நின்றுவிடும். அவள் கையும் நின்றது. அழுதுகொண்டே திரும்பத் திரும்ப ஓங்கினாள், திரும்பத் திரும்ப நின்றது. நிழலின் பட்டை முழுப் பலகையாகக் கழன்று வந்தது, கனமே இல்லாமல். அடியில் நிழல் சிவப்பாக இருந்தது, உரித்த தக்கை மரம் எப்போதும் இருக்கிற அதே சிவப்பு. குடியரசுக்காரர்களின் நிறமும் அதுதான். கழுத்தில் சிவப்புத் துணி கட்டினாலே ஆளைப் பிடித்து உள்ளே போட்ட காலம் அது.

நிழல் ஒழிந்தது என்று கேள்விப்பட்டு அதிகாரி பாண்டு வாத்தியத்தோடு வந்து இறங்கினார். சதுக்கத்தின் நடுவே, இரண்டு வண்டி அகலத்துக்கு, அரசாங்கச் செலவில் பாவிய கல்லின் மேல் சிவப்பைப் பார்த்தார். பாண்டை நிறுத்தச் சொன்னார். மன்னிப்பு ரத்து, எல்செயாருக்குத் தண்டனை இன்னும் நீளும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். க்ளேரோன் வீட்டுக்குப் போய் வலது கையை மேசையில் வைத்து அதைப் பார்த்தே திட்டினாள். “நீ உருப்படுவியா? வெட்டத் தெரியாத கையா நீ? அவன என்னிக்கும் வராம ஆக்கிட்டியே.” அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அந்தக் கையால் யாரையும் தொட்டுப் பேசவில்லை.

உரித்த மரம் முன்னைவிட வேகமாக வளரும். காட்டில் யாரும் இதை அதிசயமாகச் சொல்வதில்லை. நிழலும் வளர்ந்தது. கோயில் சுவரில் ஏறி இறங்கியது, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டியது, தெற்கே, கடலைப் பார்த்தே போனது. ஒரு வசந்தத்தில் கடற்கரையிலிருந்து மீனவன் தோனான் சண்டைக்கு வந்தான்.

“உங்க ஊரு நெழலு என் வலையில மாட்டுதும்மா.”

“தண்ணிக்குள்ளயா?”

“தண்ணி மேல. தக்கை எங்கேம்மா முழுகும்?”

க்ளேரோன் அவனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். ஊற்றியது வலது கை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போய் நிழலின் நுனி எங்கே என்று பார்த்தாள். நுனி கண்ணுக்குத் தெரியாமல் போன நாளன்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

அல்ஜீரியாவில் எல்செயார் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது காலடியில் ஓர் இலையின் நிழல் வந்து விழுந்தது. பட்டை உரிப்பவன் என்பதால் முதலில் அண்ணாந்து மரத்தைத் தேடினான். மரம் இல்லை. பிறகு குனிந்து பார்த்தான். கிளையோடு நீண்டு வந்த புதுப்பட்டையின் ஓரத்தில் கோடாலி விட்ட கோடு இருந்தது, நடுவில் ஒரு நெளிவோடு. அவன் கோடாலியின் வாயில் சில்லு பெயர்ந்த இடத்தின் தடம் அது. தாய்க்கு ஒரு கீறலும் இல்லை. “இது எங்க வீட்டுக்காரி கை” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தான். நிழலில் நடப்பவனைத் தடுக்கச் சொல்லிக் காவலர்களுக்கு உத்தரவு எதுவும் வந்திருக்கவில்லை. அவன் கடல் மேல் நடந்து வந்தான், களைத்தபோது கிளைகளில் படுத்தான்.

சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினான். க்ளேரோன் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

“கால் நனைஞ்சிருச்சாய்யா?”

“பாதம் மட்டுந்தான். ஏன்டி, வெட்டிச் சாய்க்கத்தானே சொன்னாங்க?”

“கை வரல.”

எந்தக் கப்பலிலும் வராத ஆளை எந்தக் கணக்கில் தப்பி வந்தவனாகக் காட்டுவது என்று மேயர் ரெபுலுக்குத் தெரியவில்லை. கண்டும் காணாமல் இருந்துவிட்டார். பல வருஷம் கழித்துச் சக்கரவர்த்தி போரில் தோற்றுச் சிறைப்பட்டார், குடியரசு திரும்பி வந்தது. டவுனிலிருந்து உற்சாகமாகச் சிலர் பாப்லர் கன்றோடு வந்து, சதுக்கத்தில் எங்கே நடலாம் என்று கேட்டார்கள். “எடம் இல்லியே தம்பி, மரம் இருக்கே” என்றாள் ஜனேட்டோன். அவர்கள் வெறும் கல் தரையைப் பார்த்தார்கள், அதில் உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. க்ளேரோன் எல்செயாரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னாள். அவர்கள் கன்றைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தார்கள்.