கண்ணாடியின் உயரம்

நண்பர்கள் வருவதற்கு முந்தின நாளே அக்கா இருந்த வீட்டுக்குப் போய், குளியலறைச் சுவரில் இருந்த கைப்பிடிகளை நானே கழற்றினேன். துளைகளைப் பட்டி வைத்து அடைத்தேன். சுவர் முனைகளில் சக்கரம் உரசி உரசி விழுந்திருந்த கறுப்புத் தழும்புகள் மேல் வெள்ளை அடித்தேன். கடைசியாக அக்காவின் சக்கர நாற்காலியை மடக்கி, போர்வையில் சுற்றி, கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். பிணத்தை மறைக்கிறவன்கூட இவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்க மாட்டான்.

வீடு நான் வரைந்தது. அக்காவுக்குக் கால்கள் விழுந்த பிறகு அவளுக்கென்றே கட்டினேன். அவள் அதில் ஓராண்டுகூட இருக்கவில்லை. இருந்த நாளெல்லாம் "நல்லா இருக்குடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செய்தது எதுதான் அவளுக்கு நன்றாக இல்லாமல் போயிற்று? சின்ன வயதில் நான் வரைந்த, ஆறு கால் மாடும் நல்லாத்தான் இருந்தது. அவள் போனதிலிருந்து இந்த ஒரு கேள்வி என்னை அரித்துத் தின்கிறது. உண்மையிலேயே வசதியாக இருந்தாளா, தம்பி மனசு நோகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளா? அலுவலகத்தில் உட்கார்ந்தால் ஒரு கோடு வர மாட்டேன் என்கிறது.

கூசாமல் உண்மை சொல்ல உலகத்தில் எனக்கு இரண்டு பேர்தான் உண்டு. ஒருவன் மரச்சாமான்கள் வடிவமைக்கிறவன். கல்லூரியில் அவன் செய்த முதல் ஸ்டூல் பேராசிரியரோடு சேர்ந்து உடைந்ததால் இன்றுவரை அவன் ஸ்டூல்தான். இன்னொருத்தி பெயிண்ட் கம்பெனியில் நிறம் தேர்ந்தெடுக்கிறவள், கலர். நான் ஆர்க்கிடெக்ட் என்றாலும் இவர்களுக்கு மேஸ்திரி. வருஷத்துக்கு ஒரு சனி, ஞாயிறு ஏதாவது ஒரு வாடகை வீட்டில் தங்குவோம். சனிக்கிழமை அந்த வீட்டைக் கிழிகிழியென்று கிழிப்போம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புமுன், அதில் ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட்டு வருவோம். முகம் தெரியாத வீட்டுக்காரருக்கு நாங்கள் வைக்கும் டிப்ஸ் அது.

என் வீடு என்று தெரிந்தால் தயங்குவார்கள். அக்காவுக்காகக் கட்டியது என்று தெரிந்தால் அழுதுகொண்டே பாராட்டுவார்கள். அவள் இறந்தது மட்டும் அவர்களுக்குத் தெரியும். கால் போனதை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அவள் எனக்குப் போட்ட கட்டளை. ஆகவே, ஏஜென்ட் மூலம் பிடித்த வீடு என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

சனிக்கிழமை விடிகாலையில் உள்ளே நுழைந்ததும் ஸ்டூலின் கை இருட்டில் சுவரைத் தடவியது.

"டேய் மேஸ்திரி, ஸ்விட்ச் எங்கடா? அடப்பாவி, இடுப்புக்குக் கீழ வச்சிருக்கான்!"

"கதவப் பாரு. யானை ஏதாவது வளத்தாங்களா?" என்றாள் கலர்.

அதற்கப்புறம் நிற்கவேயில்லை. சமையல் மேடை தாழ்வு, நாலு பாத்திரம் கழுவினால் முதுகு போய்விடும். படுக்கையறை ஜன்னல் முழங்கால் உயரத்தில் தொடங்கி மார்போடு முடிந்துவிடுகிறது, நின்றால் வெளியே பாதி மரம்தான் தெரிகிறது. குளியலறைக் கண்ணாடியைப் பற்றி ஸ்டூல் ஒரு தனி நாடகமே போட்டுக் காட்டினான்.

"மூஞ்சியே தெரியலடா. சட்டை பட்டனப் பாத்துக்கிட்டே பல்லு தேச்சேன். வீட்டுக்காரன் குள்ளனா, இல்ல வரைஞ்சவன் கிறுக்கனா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கத்தான் உறைத்தது. இந்த வீட்டின் ஒவ்வொரு அளவுக்கும் காரணமாக இருந்தவளை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, மிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். கேள்வியில் பாதியை அழித்துவிட்டு விடை எதிர்பார்க்கிற மடையன். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டூல் கூடத்து சோபாவில் குறட்டை விட்டான். கலர் படுக்கையறைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது திரும்பாமலே பேசினாள்.

"இந்த ஜன்னலக் காலையிலருந்து திட்டிக்கிட்டே இருந்தேன்ல? படுத்தாத்தான் தெரியுது. மரம் முழுசா தெரியுதுடா, வேர்லருந்து. வேர சுத்தித் தண்ணி ஓடுறதுகூட."

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத வச்சவன் இங்க படுத்துப் பாத்துட்டுத்தான் வச்சிருக்கான்."

படுத்துத்தான் பார்த்தேன். சுவர் எழும்பாத வெறும் மனையில், சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நாலு செங்கல் மேல் பலகை போட்டு அதில் படுத்து, மரம் எங்கே தொடங்குகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குச்சியில் குறித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

"போடேன். முதுகு பத்திரம்."

அன்றைக்கு ராத்திரி, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். காலையில் டீ குடிக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். டிக்கியைத் திறந்து, நாற்காலியை எடுத்துவந்து, ஸ்டூலை அதில் உட்காரவைத்து வீட்டை ஒரு சுற்று சுற்றச் சொல்ல வேண்டும். பிறகு கிழிக்கட்டும். அப்போது அவன் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். விடியும் நேரத்தில் இந்த நினைப்பிலேயே சுகமாகப் புரண்டு படுத்தபோது டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது.

குளியலறைக்கு ஓடினேன். வேலை முடிந்துவிட்டிருந்தது. ஸ்டூல் எங்கே போனாலும் கூடவே கொண்டுவரும் மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் சுவர்த்தூள். கலர் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் முகங்களுக்கு நேராக ஏறியிருந்தது.

"வீட்டுக்காரனுக்கு நம்ம டிப்ஸ்" என்றான். "மட்டம் வச்சுப் பாத்துட்டேன், நூல் பிசகாது. எப்படி இருக்கு, சொல்லு."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். தூக்கத்தை விட்டுவிட்டு, யாரோ ஒருவனுக்காக, ஒரு காசு வாங்காமல் செய்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் என் முகம் முதல்முறையாக முழுசாகத் தெரிந்தது. சவரம் செய்யாத, வீங்கிய முகம். அது சிரிக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குடா."

ஸ்டூல் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். பெட்டி கட்ட இருவரும் போனார்கள். கூடத்தில், அடுத்த வருஷம் எங்கே போகலாம் என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.

நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கண்ணாடிக்குக் கீழே, பழைய ஆணிகள் இருந்த இடத்தில் இரண்டு துளைகள். அவற்றைச் சுற்றி ஒரு நீள்சதுரம் மட்டும் மற்றச் சுவரைவிட வெளுப்பாக இருந்தது. முழங்கால்களை மடக்கி, தொடைகள் நடுங்க, நாற்காலியில் உட்காருகிறவள் அளவுக்குக் கீழே இறங்கினேன். என் முகத்துக்கு நேரே அந்த வெளுத்த சதுரம் வந்து நின்றது.