வால் கனத்த வண்டி

ஆறு இறங்கி வருகிறது என்ற செய்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெஹோபோத் ஊருக்குள் நுழைந்ததும் யாருக்கும் வேலை ஓடவில்லை. மேட்டுப்பக்கம் கொட்டித் தீர்த்த மழை, பதினோரு வருஷமாகக் காய்ந்து கிடந்த மணலில் இறங்கிவிட்டதாம். நாளைக்கு மத்தியானம் பாலைவன ஓரத்தில் டாலினாவின் புருஷனுடைய அண்ணன் ஹெர்மனின் பண்ணையைத் தொடுமாம். போனுக்கு மேல் போன். ஓடுகிற ஆற்றை எவன் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகலாம். வெறும் மணலில் முதல் தண்ணீர் தலை நீட்டி வருவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

டாலினாவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போகிற வழியை நினைத்தால் பயமாக இருந்தது. அவள் புருஷன் காஸ்பர் கூரைத் தகரம் மாற்றுகிறேன் என்று ஏணியோடு விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். கூடார ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் காரை ஓட்ட வேண்டியவள் அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் லீவில் இதே காரை, இதே ட்ரெய்லரோடு ஓட்டியவளும் அவள்தான். சரளைச் சாலையில் ட்ரெய்லர் ஆடியது, அவள் பயந்து பிரேக்கை மிதித்தாள், வண்டி சுழன்று ட்ரெய்லர் குப்புறக் கவிழ்ந்தது. பின் சீட்டில் இருந்த மகள் மெர்லேவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் டாலினாவுக்கு ‘பிரேக் டாலினா’ என்று பெயர். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று அவளுக்குள் ஒரு குரல் இரண்டு வருஷமாக ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது, அது யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை விடிந்ததும் காஸ்பர் முற்றத்தில் நின்று, இடது கையால் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். சாமான் ஏற்றும் விஷயத்தில் அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான். முள்மர விறகு, ஒவ்வொரு கட்டையும் கல்லுக்குச் சமானம். இரும்புச் சட்டி, இரண்டு தண்ணீர் கேன். எல்லாம் வால் பக்கம். ஏனென்றால் போய் இறங்கியதும் முதல் வேலை நெருப்புதான். கூடாரத்தை விரித்துவிட்டு அப்புறம் நெருப்பு மூட்டுகிறவனை அந்த ஊரில் ஆம்பிளை என்றே சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். வால் கதவைத் திறந்தால் விறகு கைக்கு வர வேண்டும்.

ஏற்றி முடித்துவிட்டு ட்ரெய்லரின் மூக்கைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான். “பாத்தியா? பூ மாதிரி இருக்கு. காருக்கு பாரமே தெரியாது.”

டாலினா கொக்கியை மாட்டினாள். சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். விளக்கு எரிகிறதா என்று மூன்று தடவை பின்னால் போய் வந்தாள்.

“கல்யாணத்துக்குக் கூட நீ இவ்ளோ யோசிக்கலை” என்றான் காஸ்பர்.

“அன்னிக்கு யோசிச்சிருந்தா இன்னிக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏறு.”

மெர்லே பின் சீட்டில் ஏறி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, பின் கண்ணாடி வழியாக ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தார் ரோடு முடிகிறவரை பெரிதாக ஒன்றுமில்லை. சரளையில் இறங்கியதும் பின்னால் லேசாக ஒரு நெளிசல் தெரிந்தது. “அது அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் வேகமாப் போனா அடங்கிடும்” என்றான் காஸ்பர். “மணி பத்தாச்சு. தண்ணி உனக்காக நிக்குமா?” அவள் வேகம் கூட்டவில்லை. கூட்டாமலே எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மேட்டுநிலம் முடிகிற இடம் வந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் வாய் அடைத்துப்போகும். பூமி சட்டென்று கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு எட்டினவரை மஞ்சளும் ஊதாவுமாக வெட்டவெளி, அதற்கப்பால் சிவப்பாக மணல்மலைகள், வானம் இவ்வளவு பெரியதா என்று கேட்கவைக்கிற வானம். “அம்மாடி!” என்று மெர்லே முதல்தடவையாக முன்பக்கம் திரும்பினாள்.

நீண்ட இறக்கம். வண்டி தானாகவே வேகம் பிடித்தது. டாலினா அந்த வெட்டவெளியை ஒரு கணம் பார்த்தாள், ஒரே கணம்தான். காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடது பக்கம் இழுத்தார்கள். அடுத்து வலது பக்கம். மறுபடி இடது, இன்னும் பலமாக. கண்ணாடியில் ட்ரெய்லர் ஒரு ஓரத்தில் தெரிந்தது, மறைந்தது, மறு ஓரத்தில் தெரிந்தது. சரளை பொரிந்து பறந்தது.

“பிரேக்! பிரேக்கைப் போடுடீ!” காஸ்பர் அலறினான்.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. போன காலை அவள் பிடித்து நிறுத்தினாள். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு லாரி டிரைவரிடம் அவள் கேட்டு வைத்திருந்தாள். ஒரு தடவையா, அந்த ஆள் வரும்போதெல்லாம் கேட்டாள். வால் ஆடினால் பிரேக்கைத் தொடாதே, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதே, காலை எடுத்துவிடு, நேராகப் பிடி. கேட்க என்ன, சுலபமாகத்தான் இருந்தது! கார் குறுக்கே போகத் துடிக்கும்போது சும்மா பிடித்துக்கொண்டு இருப்பது இருக்கிறதே, அதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கால் இரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள். இடம், வலம், இடம். பள்ளத்தின் விளிம்பு ஜன்னலுக்குள் வந்துவிட்டுப் போனது. அப்புறம் ஆட்டம் ஒரு சுற்று குறைந்தது. இன்னொரு சுற்று குறைந்தது. வேகம் தானாக இறங்கி, நடக்கிற வேகத்துக்கு வந்து, கடைசியில் வண்டி ரோட்டோரம் நின்றது.

தூசி அவர்களைத் தாண்டிப் போய் இறக்கத்தில் அடங்கியது. ஒரு சத்தம் இல்லை. உலகம் அப்படியே முழுசாக இருந்தது.

“அம்மா, நாம கவுந்துடலையே” என்றாள் மெர்லே.

டாலினாவின் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு இறங்கினாள். கொக்கியைக் கழற்றி, ட்ரெய்லரின் மூக்கை ஒரு கையால் பிடித்தாள். எழும்பி வந்துவிட்டது. அவள் வீட்டுக் கெட்டில்கூட இதைவிடக் கனம்.

“இதுதான் கோளாறு” என்றாள். “மொத்த பாரத்துல பத்துல ஒரு பங்காவது இந்தக் கொக்கியை அழுத்தணும். நீ எல்லாத்தையும் வால்ல கட்டி மூக்கைத் தூக்கிவிட்டிருக்கே. அப்புறம் அது ஆடாம என்ன பண்ணும்?”

“நான் இருவது வருஷமா இப்படித்தான் ஏத்தறேன்.”

“இறக்கு.”

“நேரம் ஆகுது டாலினா.”

“ஆகட்டும். இறக்குன்னா இறக்கு.”

மூன்று பேருமாக எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கினார்கள். விறகையும் தண்ணீரையும் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி அடுக்கி, இடம் பெயராமல் கயிற்றால் கட்டினாள். இப்போது மூக்கைத் தூக்க இரண்டு கையும் முதுகும் வேண்டியிருந்தது. கடைசிக் கட்டையை வைக்கும்போது அவள் நிமிர்ந்து காஸ்பரைப் பார்த்தாள்.

“அன்னிக்கு ஈஸ்டருக்கு விறகு எங்க இருந்துச்சு?”

காஸ்பர் வானத்தைப் பார்த்தான். “இப்ப எதுக்கு அது? தண்ணி வந்துடும், கிளம்பு.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுபதைத் தாண்டாமல் ஓட்டினாள். ட்ரெய்லர் சொன்ன பேச்சுக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தது. கேட்ட கேள்வி காருக்குள் மூவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கரை முழுக்க ஜனம், பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். காஸ்பரின் அண்ணன் ஹெர்மன் உப்புக்கண்டத்தை மென்றுகொண்டே கையாட்டினான். “வாங்க வாங்க! பிரேக் டாலினா ஓட்டிட்டு வந்தா தண்ணியே காத்திருக்கும்போல. இன்னும் வரலை!”

சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ “ஷ்ஷ்!” என்றார்கள்.

முதலில் வந்தது வாசனை. ஈர மண்ணின் வாசனை, ஒரு சொட்டு ஈரமில்லாத காற்றில். அப்புறம் வெந்நீர் கொதிக்கப் போவதுபோல ஒரு சீறல். ஆற்றின் வளைவில் தவிட்டு நிறத்தில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. அலை இல்லை, சுவர் இல்லை. நுரையும் சுள்ளியும் சுமந்த ஒரு நாக்கு, ஆள் நடக்கிற வேகத்தில் மணலைத் தடவித் தடவி வந்தது. அதற்கு முன்னால் வண்டும் சிலந்தியும் பல்லியும் உயிருக்கு ஓடிவந்தன. மணல் குடித்தது, குமிழி விட்டது, மறுபடி குடித்தது. குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஹெர்மன் மெல்லுவதை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். ஒரு கிழவர் சத்தமில்லாமல் அழுதார். மெர்லே வாய் பிளந்து நின்றாள். டாலினாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒன்றைக் காண உயிரோடு வந்து சேர்ந்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பத்து நிமிஷத்தில் கரைக்குக் கரை ஆறு. முழு மரம் ஒன்று வேரோடு உருண்டு போயிற்று. இரைச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது.

காஸ்பர் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“வால்லதான் இருந்துச்சு” என்றான். “அன்னிக்கும்.”

அவள் ஆற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வண்டியைத் தூக்க வந்த ஆள் அப்பவே சொன்னான், பாரம் வால்ல இருக்குன்னு. நான் போடான்னுட்டேன். அப்புறம் இடத்தை மாத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு, இன்னிக்கும் அங்கயே அடுக்கினேன்.”

“பிரேக் போட்டது நான்தான்” என்றாள் டாலினா.

“ஆட வச்சது நான்.”

“சத்தமாச் சொல்லு. இந்த இரைச்சல்ல பிள்ளைக்குக் கேக்கலை.”

காஸ்பர் கரையைப் பார்த்தான். அண்ணன், அண்ணி, சித்தப்பா மக்கள், எல்லோரும் இருந்தார்கள். மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்: “ட்ரெய்லரைக் கவுத்தது டாலினா இல்லை! பாரத்தைத் தப்பா ஏத்தினேன்! நான்தான்!”

தலைகள் திரும்பின. யாரும் சிரிக்கவில்லை. மெர்லே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ ரெண்டு வருஷமா ஏன்ப்பா சொல்லலை?”

தண்ணீர் கரையேறி காஸ்பரின் செருப்பைத் தாண்டி, கணுக்காலுக்கு வந்துவிட்டது. அவன் நகரவில்லை. டாலினாதான் அவனுடைய நல்ல கையைப் பிடித்து மேலே இழுத்தாள்.