நெட்டையன் ஜெயிக்க வேண்டும்

நேற்று முழுக்க நான் வாய் ஓயாமல் திட்டிய நெட்டையன் இன்று ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் புத்தி எனக்கே பிடிபடவில்லை.

நேற்று என் கணவரைத் தோற்கடித்தவன் அவன்தான். செஸ்ஸில் உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்ய, எட்டுப் பேர் தங்களுக்குள் ஆடுவார்களாம். இந்தப் போட்டியில் முதல் இரண்டு பேர் அந்த எட்டுக்குள் போகலாம். ஆனால் நெட்டையன் வேறு போட்டியில் ஜெயித்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டான். இங்கேயும் முதல் இரண்டில் இருப்பது உறுதி. அதனால் அவனுடைய இடம் மூன்றாவது ஆளுக்கு. என் கணவர் ஆடி முடித்து மூன்றாவதாக நின்றார். நெட்டையனோடு ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் டிரா செய்தாலே இவரைத் தாண்டிவிடுவான். இதை இவர் திரும்பத் திரும்ப விளக்கினார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் நான். பிடுங்க வேண்டிய பல் எது என்பதில்கூட எனக்கு இவ்வளவு குழப்பம் வந்ததில்லை.

இந்தத் தடவை இல்லையென்றால் செஸ்ஸையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர். ஆட்டத்தைக் காட்டும் திரையைப் பார்க்கத் தெம்பில்லாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

பார்வையாளர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் நெட்டையனின் அம்மா. என் முணுமுணுப்பு அவர் காதில் விழுந்துவிட்டது.

"நேத்து உன் வீட்டுக்காரர் தோத்தும், நீ என் பிள்ளைக்காக வேண்டிக்கறியே. நல்ல மனசும்மா உனக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கண்ணாடிக்காரன் டிரா கேட்டான். நெட்டையனுக்கு அதுவே போதும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம். அவனோ தலையை ஆட்டி மறுத்துவிட்டு, முக்கி முனகி ஆடி ஜெயித்தான். நான் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். எதற்காக அவன் டிரா வேண்டாம் என்றான் என்று கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் உள்ள வரணும்னுதான். காலையிலயே சொன்னான். அந்தக் கண்ணாடிப் பையன்னா ரொம்பப் படுத்துவானாம். உன் வீட்டுக்காரரை சுலபமா ஜெயிச்சிடலாமாம்."

நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். கட்டிய கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

இவர் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார்.

"அவனுக்கு உங்களைக் கண்டா பயமாம்."

இவர் முதுகு நிமிர்ந்தது. கதவருகே நெட்டையன் இவருக்குக் கை கொடுக்க வந்துகொண்டிருந்தான். திட்டும் வந்தது, நன்றியும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு சிரித்துவைத்தேன்.