சர்வர் இல்லாத பாதுகாப்பு

ஜோர்டான் தலைநகர் அம்மானில் எங்கள் தெருக் குழாய்க்கு வாரத்தில் ஒருநாள்தான் தண்ணீர். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று காட்டும் இணையப் பக்கத்தை, நான் தற்காலிகமாக வேலை பார்த்த அலுவலகத்துக்குச் செய்தேன். இயக்குநர் அபூ லைத் பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வாரக் கடைசி வேலைநாளான வியாழனோடு வீடு.

பக்கம் தயார். ஆனால் பிரவுசர் மகாராஜா, அதே போல்டரில் பக்கத்திலேயே கிடந்த அட்டவணைக் கோப்பைத் தொடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். சொந்தக் கணினியில் இருக்கும் கோப்பின்மேல் அவருக்கு அவ்வளவு சந்தேகம்! திரை வெறும் வெள்ளை.

கணினிக்குள்ளேயே சின்னதாக ஒரு சர்வரை ஓட்டினால் சரியாகிவிடும். ஒரு வரிக் கட்டளைதான். ஓட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என் புத்தி, பாதுகாப்புப் பிரிவு நவ்வாஃபிடம் அனுமதி கேட்கப் போனேன்.

"சர்வரா? அதுக்குக் கமிட்டி கூடணும், ருதைனா."

"எதுவும் வாங்க வேண்டாம் உஸ்தாத். கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடும். வெளியில யாருக்கும் தெரியாது."

"தெரியாதா? அது இன்னும் மோசமாச்சே!"

எரிச்சல் மண்டைக்கேறியது. "அப்போ பிரவுசரோட பாதுகாப்பையே அணைச்சுடட்டா?"

தேநீரை ஊதி ஊதிக் குடித்து யோசித்தார். "அதுக்கு யாரும் தடை போடலயே. தாராளமா பண்ணும்மா."

நல்லா இருக்கட்டும்! அபூ லைத் தன் கணினியில்தான் பார்ப்பேன் என்றதால், அதிலேயே அணைத்தேன். பக்கம் ஜம்மென்று திறந்தது.

"மாஷா அல்லாஹ்! எங்க தெருவுக்குப் புதன்கிழமையா!" என்று வியந்தார் இயக்குநர்.

"சர்வரே இல்லாம செஞ்சிருக்கா, அபூ லைத். அவ்வளவு பத்திரம்," என்றார் நவ்வாஃப். "இவள எங்க பிரிவுக்கே போட்டுடுங்க."

அபூ லைத் என் பணி நியமன உத்தரவில் ஏதோ எழுதினார். கையெழுத்துப் போடாமல், அதே பிரவுசரில் தன் வங்கிக் கணக்கைத் திறந்தார். சம்பளம் வந்துவிட்டதா என்று பார்க்கிறாராம். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு நகைப்பெட்டியைத் திறக்கிறார் மனுஷன். சொல்லிவிடலாமா? பேனா இன்னும் தாளைத் தொடவில்லை. முதலில் கையெழுத்து விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விழுந்தது.

"மப்ரூக், ருதைனா!" என்று வாழ்த்தினார்.

தாளை வாங்கிப் படித்தேன். பதவி: கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர். முதல் பணி: அலுவலகத்தின் எல்லாக் கணினிகளையும் இயக்குநரின் கணினியைப் போலவே அமைத்துத் தருவது.